ஏழே முக்கால் ஆம்பியர்

கீழக்கரையில் குழாயை நம்பி
எதையும் அளக்க முடியாது.
வருவதில் பாதி கடல்.
ஆகவே வாலை நீர் மதுரையில் வாங்கி,
ஐந்து லிட்டர் கேனுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டு,
காலுக்கிடையில் வைத்துக் கொண்டுவருவேன்.

அதில் கால் ஸ்பூன் அலுமினா.
பார்க்க முகப்பவுடர்தான்.
ஒரு மயிரின் குறுக்கே அடுக்கினால்
ஆயிரத்தைந்நூறு துகள் நிற்கும்.
மீயொலித் தொட்டியில் ஒரு மணி நேரம் அதிர்ந்தபின்
தண்ணீர் கழுநீர் நிறத்துக்கு வரும்,
தெளியாமல் அப்படியே நிற்கும்.
தெளியக் கூடாது.

நடுவில் விரல் நீளத்துக்கு நிக்ரோம் கம்பி.
மின்சாரத்தைத் திருகத் திருக
முதலில் சும்மா இருக்கும்.
ஒரு குமிழி.
இன்னொன்று.
பிறகு எண்ண முடியாது.
ஒவ்வொன்றும் கொஞ்சம் சூட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப,
விட்டுப்போன இடத்துக்குத் தண்ணீர் ஓடிவரும்.
ஓடிவரும்வரை கம்பி பிழைக்கும்.

ஏழே முக்கால் ஆம்பியரில்
கிளம்ப இடமில்லாமல் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும்.
கம்பியைச் சுற்றி ஆவி உறை.
தண்ணீருக்குள்ளேயே இருந்து
தண்ணீர் கிடைக்காமல் சிவக்கும்.
டிக்.
வெறும் நீரில் பன்னிரண்டு கம்பி அறுத்தேன்:
ஏழே முக்கால், ஏழு எண்பது, ஏழே முக்கால்.

பொடி கலந்தால் பதினொன்று வரை போகும்
என்று படித்திருந்தேன்.
ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.
எனக்கு நீந்தும் துகள் மேல்தான் சந்தேகம்,
அதாவது நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை ஒன்பதைத் தொட்டபோது
கரண்ட் போயிற்று.
கம்பியை எடுத்துப் பார்த்தேன்,
வல்லத்துக் கயிற்றில் உப்புப் பூத்ததுபோல்
வெள்ளையாக இருந்தது.
துணியில் சுற்றி வைத்தேன்.

"தண்ணி கொறஞ்சிருந்துச்சு ஜெஸிமா மேடம்,
நெரப்பி வச்சிட்டேன்" என்றார் காட்டுராஜா மறுநாள்.
குழாய்த் தண்ணீர்.
மேலே கண்ணாடித் தெளிவு,
அடியில் மாவாக என் இரண்டு மாத உதவித்தொகை.
துகளுக்குத் துகள் விலகி நிற்பது மின்னூட்டத்தால்.
உப்பு வந்தால் அந்த விலகல் போய்விடும்,
கட்டியாகி இறங்கிவிடும்.
ஆறு கடலைத் தொடும் இடத்தில்
வண்டல் இறங்குவதும் இப்படித்தான்.
வைகைக்கு அந்த யோகம் எப்போதாவது.

அவரைத் திட்டவில்லை. திட்ட வாய் வரவில்லை.

அடுத்த பொட்டலத்துக்கு மூன்று வாரம்.
கம்பிச் சுருளும் தீர்ந்தது.
மிச்சம் ஒரு கேன் வெறும் நீர்,
துணியில் சுற்றிய பழைய கம்பி.
வேறு வேலை இல்லாததால் மாட்டினேன்.

ஏழு.
ஏழரை.
ஏழே முக்காலில் கை தானாக நின்றது.
கம்பி நிற்கவில்லை.
எட்டரை. ஒன்பது.
பீக்கர் கழுவிய காட்டுராஜா குழாயை மூடினார்.
தண்ணீரில் பொடி ஒரு சிட்டிகை இல்லை.
பத்து.
பதினொன்று பத்தில்தான், டிக்.

நீந்தியது எதுவும் காப்பாற்றவில்லை.
கொதித்துக் கொதித்து
கம்பியின் மேல் படிந்த பொருக்குத்தான்,
அதன் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள்தான்,
திரியில் மண்ணெண்ணெய் ஏறுவதுபோல்
குமிழியின் அடிவயிற்றுக்குள்ளேயே
தண்ணீரை இழுத்துக் கொடுத்திருக்கிறது.

நோட்டில் இன்னொரு எண்ணும் இருந்தது.
அதே ஆம்பியரில் வெறும் கம்பியைவிட
இது ஆறு டிகிரி கூடச் சுட்டது.
பொருக்கு, போர்வையும்கூட.
மோசமாகக் கொதித்தது.
தாமதமாக அறுந்தது.
இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டேன்.
வழிகாட்டிக்கு ஒரு கோடுதான் பிடித்தது.

இரவு ஏர்வாடிப் பேருந்தில் போனில் தேடினேன்.
பல வருடம் முன்பே, வேறு கடலோரத்தில்,
யாரோ இதே கம்பியை வெறும் நீருக்கு மாற்றி
எழுதி முடித்துவிட்டார்கள்.
கொஞ்ச நேரம் வருத்தம்.
அப்புறம் பசி.

காலையில் ஆய்வகக் கெட்டிலைத் திறந்து காட்டுகிறார்.
சுருள் முழுக்க வெள்ளைப் பொருக்கு,
நம் ஊர்த் தண்ணீரின் நாலு வருட வேலை.
"சொரண்டிரவா மேடம்?"
கையை நீட்டி வாங்கிக்கொள்கிறேன்.
நகத்தால் ஓர் ஓரம் உரசி,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
அவர் டீத்தூளோடு நிற்கிறார்.